எட்டுக்கு எட்டுச் சதுரத்தில் ஓர் உலகம்

தாவிக் குதித்துச் செல்லும் மீசைக்காரர் மாரியோவை நீங்கள் அறிந்திருப்பீர்கள். வீடியோ விளையாட்டின் பக்கமே போகாதவர்கள்கூட அவருடைய சிவப்புத் தொப்பியைப் படங்களில் கண்டிருப்பார்கள். ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்னும் விளையாட்டின் நாயகர் அவர். அந்த விளையாட்டின் முதற் காட்சி எங்கேனும் உங்கள் கண்ணில் பட்டால், நாயகரை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் உற்று நோக்குங்கள். வானில் வெண்மேகம் மிதக்கிறது. தரையில் பச்சைப் புதர் நிற்கிறது. மேகத்தின் மேற்பாதியையும் புதரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வளைவுக்கு வளைவு, புள்ளிக்குப் புள்ளி இரண்டும் ஒன்றே! வெள்ளை பூசினால் மேகம்; பச்சை பூசினால் புதர்.

இது ஓவியர்களின் சோம்பலால் நேர்ந்ததா? அன்று. அவர்களுக்குக் கிடைத்த நினைவகம் அவ்வளவு குறைவு. அந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கையாண்ட ஒரு முறையே பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் தாங்களே விளையாட்டு உலகங்களைக் கட்டுவதற்கு வழி திறந்து வைத்தது. வறுமை ஒரு வாசலைத் திறந்த கதை இது. அந்த வாசலில் நுழைந்தவர்களுள் சிலர் பிறர் வரைந்த படங்களை எடுத்து அடுக்கினார்கள்; சிலர் தாமே வரைந்தார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

புள்ளிகளின் கணக்கு

திரையில் கணிப்பொறி தீட்டும் படம் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய வண்ணத்தை நினைவகம் ஓர் எண்ணாகக் குறித்து வைத்திருக்க வேண்டும். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற இரண்டில் ஒன்றைக் குறிக்கும் மிகச் சிறிய அலகுக்குப் பிட் என்று பெயர். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் ஒன்றை எழுதலாம்.

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தைச் சேர்ந்த தொமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்ற விளையாட்டை உருவாக்கினார். அதன் திரையில் 256 × 224 புள்ளிகள், அதாவது 57,344 புள்ளிகள் இருந்தன. ஒரு புள்ளி ஒளிர வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா என்பது மட்டுமே கேள்வி. ஆகவே புள்ளிக்கு ஒரு பிட் போதும். 57,344-ஐ எட்டால் வகுத்தால் 7,168 பைட். கறுப்பு வெள்ளைப் படத்துக்கே இவ்வளவு தேவைப்பட்டது! வண்ணம் வேண்டும் என்று திரையின் மேல் வண்ணத் தாள் ஒட்டினார்கள்.

இம்முறையில் இன்னொரு சுமையும் உண்டு. ஓர் உருவம் சற்றே நகர்ந்தாலும் பழைய புள்ளிகளை அழித்துப் புதிய புள்ளிகளைச் செயலகமே எழுத வேண்டும். அந்த விளையாட்டில் பகைவர்கள் ஒவ்வொருவராகச் சுடப்பட்டு மறைய மறைய, எஞ்சியவர்கள் விரைவாக நகர்வதைக் காணலாம். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் செயலகத்தின் சுமை குறைந்து வேகம் கூடியது. இயந்திரத்தின் இயலாமையே விளையாட்டின் விறுவிறுப்பாக மாறியது விந்தையன்றோ?

இனி மாரியோவின் வீட்டுக்கு வருவோம். நின்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ‘ஃபாமிகாம்’ என்ற வீட்டு விளையாட்டுப் பெட்டியில்தான் அவர் ஓடினார். அதன் திரை 256 × 240 புள்ளிகள் கொண்டது, மொத்தம் 61,440. ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு வண்ணங்களுள் ஒன்று வர வேண்டுமானால் இரண்டு பிட் வேண்டும். பெருக்கி, எட்டால் வகுத்துப் பாருங்கள்: 15,360 பைட். ஆனால் திரைக்காட்சியை எழுதி வைக்க ஃபாமிகாமில் இருந்த நினைவகமோ வெறும் 2,048 பைட். யானையைக் கட்ட வேண்டிய இடத்தில் ஆட்டுக்குட்டிக்குத்தான் இடம் இருந்தது!

ஓடு என்னும் உபாயம்

பழைய அச்சுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுத்துகளைப் புதிதாகச் செதுக்கிக்கொண்டிருப்பதில்லை. அறைகள் கொண்ட பெட்டியில் ஈய எழுத்துகள் இருக்கும். எந்த எழுத்தை எங்கே வைப்பது என்பதுதான் அவர் வேலை. ‘க’ என்ற எழுத்து ஆயிரம் இடங்களில் வந்தாலும் அதன் வடிவம் ஒன்றுதான்.

இதே உபாயத்தைத் திரைக்கும் கையாண்டனர். அகலம் எட்டுப் புள்ளி, உயரம் எட்டுப் புள்ளி கொண்ட ஒரு சிறு சதுரம். அதனுள் ஒரு துண்டுப் படம். தரையில் பதிக்கும் ஓட்டைப் போன்றதால் இதற்கு ஆங்கிலத்தில் ‘டைல்’ என்று பெயரிட்டனர். நாம் ஓடு என்றே அழைப்போம். ஓர் ஓட்டில் 64 புள்ளிகள். புள்ளிக்கு இரண்டு பிட் வீதம் 128 பிட். அதாவது 16 பைட். 256 ஓடுகள் கொண்ட ஒரு பெட்டிக்கு 4,096 பைட். இந்தப் பெட்டி ஃபாமிகாமின் சொந்த நினைவகத்தில் இல்லை. விளையாட்டை விற்கும் கார்ட்ரிட்ஜின் உள்ளே, படிக்க மட்டுமே இயலும் நினைவகத்தில் பதிந்திருந்தது.

திரையின் அகலத்தில் 32 ஓடுகள், உயரத்தில் 30 ஓடுகள். ஆக 960 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் எத்தனையாவது ஓடு என்ற எண்ணை மட்டும் ஒரு பைட்டில் எழுதினால் போதும். 960 பைட்டில் திரை முழுவதும் நிரம்பிவிட்டது. எந்தப் பகுதிக்கு எந்த வண்ணத் தொகுதி என்று குறிக்க இன்னும் 64 பைட். கூட்டினால் 1,024. முன்பு கண்ட 15,360-இல் இது சரியாகப் பதினைந்தில் ஒரு பங்கு. 2,048 பைட்டில் இத்தகைய இரண்டு திரைகளே அடங்கிவிட்டன. ஒரு திரை கண்முன் இருக்கும்போதே அடுத்த திரையை மறைவில் நிரப்பலாம். மாரியோ வலப்புறம் ஓட ஓட நிலப்பரப்பு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் இரகசியம் இதுதான்.

இம்முறை ஃபாமிகாமுடன் பிறந்ததன்று. நாம்கோ நிறுவனம் 1979-இல் வெளியிட்ட ‘கேலக்சியன்’ போன்ற விளையாட்டுகளில் இது முன்பே வெற்றி பெற்றிருந்தது. ஃபாமிகாம் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

வண்ணத்திலும் சிக்கனம் தேவைப்பட்டது. பின்னணிக்கு நான்கு வண்ணத் தொகுதிகள். தொகுதிக்கு மூன்று வண்ணங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வண்ணம். ஆக ஒரு சமயத்தில் பின்னணியில் 13 வண்ணங்களே தோன்றலாம். மேலும், 16 × 16 புள்ளிகள் கொண்ட பகுதி முழுவதும் ஒரே தொகுதியைத்தான் ஏற்கும். ஓட்டின் வடிவம் ஓரிடத்திலும் வண்ணம் வேறோரிடத்திலும் தனித்தனியே எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். எனவே ஓடுகளை மாற்றாமல் தொகுதியை மட்டும் மாற்றினால் மேகம் புதராகிவிடும்! தொடக்கத்தில் நாம் கண்ட புதிரின் விடை இதுவே.

வரைபடத்தாளில் பிறந்த நாடு

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டை வடிவமைத்தவர்கள் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் ஆவர். அவர்கள் தங்கள் நிலைகளைத் திரையில் வரையவில்லை. நீண்ட வரைபடத்தாளில் பென்சிலால் வரைந்தார்கள். எங்கே செங்கல், எங்கே குழாய், எங்கே பள்ளம் என்று கட்டம் கட்டமாகக் குறித்து நிரலாளர்களிடம் கொடுத்தார்கள். நிரலாளர்கள் அதை எண்களாக மாற்றி இயந்திரத்தில் ஏற்றினார்கள். திருத்தம் வேண்டுமென்றால் தாளின் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளை வைத்துத் திருத்தத்தை அதன்மீது எழுதினார்கள்.

எண்களாக மாற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நிலையின் ஒவ்வொரு கட்டத்தையும் அவர்கள் எழுதி வைக்கவில்லை. ‘இன்ன இடத்தில் தொடங்கி, இத்தனை செங்கற்கள் வரிசையாக’ என்பதை இரண்டே பைட்டில் அடக்கினார்கள். முதல் பைட்டின் ஒரு பாதி, கிடைத்திசையில் எத்தனையாவது கட்டம் என்று கூறும். மறுபாதி உயரத்தைக் கூறும். இரண்டாம் பைட் பொருளின் வகையையும் நீளத்தையும் கூறும். நீங்கள் கணிதத்தில் x, y என்று ஆயத்தொலைவுகள் குறிக்கிறீர்களே, அதே முறைதான்.

இத்தகைய சிக்கனத்தால் 32 நிலைகள், அவற்றின் இசை, விளையாட்டின் விதிகள் எல்லாம் 32 கிலோபைட்டில் அடங்கின. ஓவியங்களுக்கு 8 கிலோபைட்; அதாவது பின்னணிக்கு 256 ஓடுகள், நகரும் உருவங்களுக்கு 256 ஓடுகள். மொத்தம் 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப்போல் பல மடங்கு இடத்தை விழுங்கிவிடுகிறது.

புள்ளிகள் குறைவாக இருக்கும்போது ஓவியர் என்ன செய்வார்? மாரியோவின் முகமே இதற்குச் சான்று. அவர் முதன்முதலில் தோன்றியது 1981-இல் வெளியான ‘டாங்கி காங்’ விளையாட்டில். அந்தச் சிறிய உருவத்தில் வாயை வரைய இடமில்லை. எனவே மீசை வைத்தார் மியாமோட்டோ. தலைமயிரை வரைவது கடினம், எனவே தொப்பி. உடலும் கையும் ஒரே நிறத்தில் இருந்தால் ஓடும்போது கை அசைவது தெரியாது. எனவே வேறு நிறத்தில் தோள்வார் வைத்த காற்சட்டை. உலகப் புகழ் பெற்ற அந்த முகத்தை வரைந்ததில் புள்ளிப் பஞ்சத்துக்கும் பங்குண்டு.

ஆடுபவர் கையில் செங்கல்

ஓட்டு முறையில் உள்ள மிக முக்கியமான உண்மையை இப்போது உணர்ந்திருப்பீர்கள். ஓவியம் வேறு; அமைப்பு வேறு. ஓடுகள் ஒரு பெட்டியில் இருக்கின்றன. அவற்றை அடுக்கும் அட்டவணை தனியே இருக்கிறது. நிரலில் ஒரு வரியையும் தொடாமல் அட்டவணையை மட்டும் மாற்றினால் புதிய நிலை பிறந்துவிடும். அப்படியானால் அந்த அட்டவணையை எழுதும் உரிமையை ஆடுபவருக்கே கொடுத்துவிட்டால் என்ன?

மாரியோவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் ஒருவர் இதைச் செய்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பயின்ற டக்ளஸ் ஸ்மித் ‘லோட் ரன்னர்’ என்ற விளையாட்டை ஆப்பிள் II கணிப்பொறிக்கு எழுதினார். பிரோடர்பண்ட் நிறுவனம் அதை 1983-இல் வெளியிட்டது. ஏணியில் ஏறி, கயிற்றில் தொங்கி, செங்கல் தரையைத் தோண்டித் தங்கம் சேர்க்கும் விளையாட்டு அது. அதில் 150 நிலைகள் இருந்தன. அவற்றோடு நிலை அமைக்கும் கருவி ஒன்றையும் அதே வட்டில் வைத்துக் கொடுத்தார்கள்!

அதன் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு நிலை 28 கட்டம் அகலம், 16 கட்டம் உயரம். ஆக 448 கட்டங்கள். கட்டத்தில் வரக்கூடியவை வெற்றிடம், செங்கல், தோண்ட முடியாத கல், ஏணி, கயிறு, பொய்ச் செங்கல், மறைந்த ஏணி, தங்கம், காவலர், வீரர் எனப் பத்தே வகை. பத்து வகையைக் குறிக்க நான்கு பிட் போதும். எனவே ஒரு நிலை முழுவதும் 224 பைட்டில் அடங்கும். நிரல் எழுதத் தெரியாத சிறுவனும் விசைப்பலகையில் எண்களைத் தட்டித் தன் நண்பனைத் திணறடிக்கும் பொறியைக் கட்டலாம். அதுவரை விளையாட்டு என்பது ஆடுவதற்குரிய பொருளாக இருந்தது; இப்போது கட்டுவதற்குரிய பொருளாகவும் ஆயிற்று.

ஆயினும் ஒன்று. லோட் ரன்னரில் அமைப்பை மாற்ற இயலுமே தவிர ஓடுகளின் ஓவியத்தை அந்தக் கருவியால் மாற்ற இயலாது. செங்கல் அவர்கள் வரைந்த செங்கல். ஏணி அவர்கள் வரைந்த ஏணி. வீடு கட்டலாம், செங்கல் சூளை மட்டும் முதலாளியிடமே இருந்தது.

ஓர் இரவில் ஒரு நகல்

1990-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் ஷ்ரீவ்போர்ட் என்ற ஊர். அங்கே சாஃப்ட்டிஸ்க் என்ற நிறுவனத்தில் ஜான் கார்மாக் என்ற இளைஞர் பணிபுரிந்துகொண்டிருந்தார். அன்றைய ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளில் ஓட்டு முறைக்கென்று தனி மின்சுற்று கிடையாது. 320 × 200 புள்ளிகளும் 16 வண்ணங்களும் கொண்ட திரைக்கு 32,000 பைட் எழுத வேண்டும். காட்சி பக்கவாட்டில் நகரும்போது ஒவ்வொரு முறையும் இத்தனையையும் எழுத அவற்றுக்கு வேகம் போதாது. மாரியோவைப் போல வழுக்கிச் செல்லும் காட்சி அந்தக் கணிப்பொறிகளுக்கு எட்டாக் கனி என்றே பலரும் கருதினர்.

கார்மாக் கண்ட வழி எளிமையானது. வானம் முழுவதும் ஒரே நீல ஓடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்சி ஓர் ஓட்டளவு இடப்புறம் நகர்ந்தால், நீல ஓடு இருந்த இடத்தில் மீண்டும் நீல ஓடே வந்து அமர்கிறது. அதை ஏன் திரும்ப எழுத வேண்டும்? எந்த இடத்தில் ஓடு உண்மையாகவே மாறியதோ அங்கே மட்டும் எழுதினால் போதும். ஓட்டளவுக்கும் குறைவான சிறு நகர்வுகளைத் திரைச் சுற்றே பார்த்துக்கொள்ளும். இம்முறையில் ஓவியருக்கும் பங்கு உண்டு என்பதைக் கவனியுங்கள். ஒரே ஓடு திரும்பத் திரும்ப வரும்படி அவர் வரைந்தால் கணிப்பொறிக்கு வேலை குறையும். ஓட்டுக்கு ஓடு வேறுபடும்படி வரைந்தால் வேலை மிகும்.

செப்டம்பர் மாதத்தில் ஓர் இரவு கார்மாக்கும் உடன் பணியாற்றிய டாம் ஹாலும் விடிய விடிய அமர்ந்து ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ விளையாட்டின் முதல் நிலையை ஐ.பி.எம். கணிப்பொறியில் அப்படியே நகலெடுத்தார்கள். ஓடுகளைப் பார்த்துப் பார்த்து ஹால் வரைந்தார். நாயகர் மட்டும் தங்கள் நிறுவனத்தின் ‘டேவ்’ என்ற பாத்திரம். அந்த நகலுக்கு வேடிக்கையாக ‘பதிப்புரிமை மீறலில் டேஞ்சரஸ் டேவ்’ என்ற பொருள்படப் பெயரிட்டு, ஜான் ரொமேரோவின் மேசையில் வட்டை வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் அதை இயக்கிப் பார்த்த ரொமேரோ, தங்கள் வாழ்க்கை மாறப்போகிறது என்பதை உணர்ந்தார்.

பின்னர் அவர்கள் மாரியோ 3 விளையாட்டை இன்னும் விரிவாக நகலெடுத்து நின்டெண்டோவுக்கே அனுப்பினார்கள். தனிக் கணிப்பொறிகளுக்கு விளையாட்டு வெளியிடும் எண்ணம் தங்களுக்கு இல்லை என்று நின்டெண்டோ மறுத்துவிட்டது. இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நகரும் காட்சியின் நுட்பம் முழுவதும் அந்த இளைஞர்களுடையது. ஆனால் அவர்கள் அனுப்பிய நகலில் உள்ள ஓடுகள் அவர்களுடையவை அல்ல. ஓவியம் பிறருடையதாக இருந்ததால், உலகில் எவரிடமும் இல்லாத நுட்பம் கையில் இருந்தும் அந்த நகலை விற்க வழியில்லை!

அவர்கள் செய்தது என்ன? அதே நிரல் நுட்பத்தை வைத்துக்கொண்டு ஓடுகளைப் புதிதாக வரைந்தார்கள். காளான் நாட்டுக்குப் பதில் செவ்வாய்க் கோள். மீசைக்காரருக்குப் பதில் அண்ணனின் விளையாட்டுத் தலைக்கவசத்தை அணிந்த எட்டு வயதுச் சிறுவன். ஏட்ரியன் கார்மாக் என்ற ஓவியரும் கைகொடுத்தார். பெயர் ஒன்றானாலும் இவர் ஜானுக்கு உறவினர் அல்லர். ரொமேரோ, ஓடுகளைக் கட்டத்தில் வைத்து நிலைகள் அமைக்கும் கருவி ஒன்றை எழுதினார். மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் உழைத்தார்கள். ‘கமாண்டர் கீன்’ என்ற அந்த விளையாட்டு 1990 டிசம்பர் 14-ஆம் நாள் வெளிவந்தது. அடுத்த மாதமே முதல் காசோலை 10,500 டாலருக்கு வந்தது. 1991 பிப்ரவரியில் அவர்கள் ‘இட் சாஃப்ட்வேர்’ என்ற தங்கள் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

நகலெடுத்த மாரியோ 3 வட்டு வீணாகவில்லை. அது இப்போது அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகத்தில் வரலாற்றுப் பொருளாக இருக்கிறது. ஆனால் அவர்களுக்குச் சோறு போட்டது தாமே வரைந்த ஓடுகள்தாம்.

வேறுபாட்டுப் பட்டியல்

காலம் நகர்ந்தது. பழைய கார்ட்ரிட்ஜ்களில் இருந்ததைக் கணிப்பொறியில் கோப்பாகப் படிக்கும் வசதி வந்தது. சிறுவயதில் ஆடிய விளையாட்டின் உள்ளே கைவைத்துப் பார்க்கும் ஆவல் பலருக்குப் பிறந்தது. 1990-இல் வெளியான ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’ விளையாட்டின் நிலைகளை மாற்றியமைக்க ‘லூனார் மேஜிக்’ என்ற கருவி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதை எழுதியது நின்டெண்டோ அல்ல. ஒரு தனி ஆர்வலர். இத்தகைய கருவிகளின் துணையால் நிலைகளை மட்டுமின்றி ஓடுகளின் ஓவியங்களையும் மாற்றும் வழி பிறந்தது. செங்கல் சூளை கடைசியில் ஆடுபவர் கைக்கே வந்துவிட்டது! பனிமலை, பாழடைந்த கோட்டை, கடலடித் தோட்டம் எனப் புதிய ஓட்டுத் தொகுதிகள் வரைந்து குவித்தார்கள்.

மாற்றிய விளையாட்டை நண்பருக்கு எப்படிக் கொடுப்பது? முழுக் கோப்பையும் கொடுத்தால் அது நின்டெண்டோவின் பொருளை வழங்கியதாகிவிடும். ஆகவே ஆர்வலர்கள் ‘ஐ.பி.எஸ்.’ என்ற எளிய வடிவத்தைக் கையாண்டார்கள். ‘இத்தனையாவது பைட்டிலிருந்து, இத்தனை பைட்டுகளை, இப்படி மாற்று’ என்ற வேறுபாட்டுப் பட்டியல் அது. இடத்தைக் குறிக்க மூன்று பைட், நீளத்தைக் குறிக்க இரண்டு பைட், பிறகு புதிய செய்தி. புத்தகத்தைக் கொடுக்காமல் பிழைதிருத்தப் பட்டியலை மட்டும் கொடுப்பது போன்றது இது. அசல் விளையாட்டை உடையவர்தான் அதைப் பயன்படுத்த இயலும்.

இதனால் உரிமைச் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிட்டதா? இல்லை. பட்டியலுக்குள் மாரியோவின் முகமே ஒளிந்திருந்தால் அது இன்னும் பிறர் சொத்துதான். ஆனால் ஓடுகள் முழுவதும் நீங்களே வரைந்தவை என்றால், அவற்றை அந்த விளையாட்டிலிருந்து கழற்றி எடுத்து வேறு நிரலில் பொருத்தலாம். அப்போதும் அவை உங்களுடையவையே.

நீங்களும் வரையலாம்

இதற்குக் கணிப்பொறிகூட வேண்டியதில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். எட்டுக்கு எட்டுக் கட்டத்தை எடுத்துக்கொண்டு ஓர் ஏணி வரைவோம். ஒவ்வொரு வரிசையிலும் இடக்கோடியிலும் வலக்கோடியிலும் ஒரு புள்ளி. இவை ஏணியின் கால்கள். இரண்டாம் வரிசையையும் ஆறாம் வரிசையையும் முழுவதும் நிரப்புங்கள், இவை படிகள்.

இனி நிரப்பிய கட்டத்துக்கு 1, வெற்றுக் கட்டத்துக்கு 0 என்று எழுதுங்கள். முதல் வரிசை 10000001. இரண்டடிமான எண்ணாகப் படித்தால் 128 + 1 = 129. முழுதும் நிரம்பிய வரிசை 11111111, அதாவது 255. ஆகவே ஏணியின் முழு வடிவம்: 129, 255, 129, 129, 129, 255, 129, 129. எட்டே எண்களில் ஓர் ஏணி! நான்கு வண்ணம் வேண்டுமானால் இத்தகைய எட்டு எண்கள் இரண்டு தொகுதி வேண்டும். ஃபாமிகாமின் 16 பைட் இப்படி வந்ததுதான்.

படிகளை ஏன் இரண்டாம், ஆறாம் வரிசைகளில் வைத்தோம்? ஓர் ஏணி ஓட்டின் மேல் இன்னொன்றை அடுக்கிப் பாருங்கள். படிகளுக்கு இடையே எங்கும் மூன்று வரிசை வெற்றிடமே வரும். இணைப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. மாறாக முதல் வரிசையிலும் எட்டாம் வரிசையிலும் படி வைத்திருந்தால், அடுக்கும்போது இரண்டு படிகள் ஒட்டித் தடித்த படியாகத் தோன்றும். ஓர் ஓடு தனியே அழகாக இருந்தால் போதாது. தன்னைப் போன்ற ஓட்டின் அருகில் அமரும்போதும் பொருந்த வேண்டும். ஓட்டு ஓவியத்தின் முதல் விதி இது.

இரண்டாவது, ஒன்பது ஓட்டு விதி. புல் முளைத்த மண்மேடு ஒன்று வேண்டும். நான்கு மூலைகளுக்கு நான்கு ஓடுகள், நான்கு பக்கங்களுக்கு நான்கு, நடுவே நிரப்ப ஒன்று, மொத்தம் ஒன்பது. இவற்றைக் கொண்டு எந்த நீள அகலத்திலும் செவ்வக மேடு கட்டலாம். பக்க ஓடும் நடு ஓடும் தேவையான அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும்.

மூன்றாவது, ஆடுபவரின் கண்ணை ஏமாற்றாதிருத்தல். காலூன்றி நிற்கத் தக்க ஓடு எது, வெறும் அலங்காரம் எது என்பது பார்த்தவுடன் விளங்க வேண்டும். நிற்கும் ஓடுகளுக்கு அழுத்தமான மேல்விளிம்பும் பின்னணி ஓடுகளுக்கு மங்கிய வண்ணமும் கொடுப்பது நல்ல பழக்கம். ஒளி எல்லா ஓடுகளிலும் ஒரே திசையிலிருந்து விழுவதாக வரையுங்கள். இல்லையேல் ஒரே உலகில் இரண்டு சூரியன்கள் உதித்தது போலாகும்.

வரைந்ததை இயக்கிப் பார்க்க விரும்புவோருக்கு இன்று வழிகள் உள்ளன. ‘சூப்பர்டக்ஸ்’ என்ற கட்டற்ற விளையாட்டின் நிரலும் ஓவியங்களும் எவரும் திருத்திப் பகிரும் உரிமையுடன் வழங்கப்படுகின்றன. ‘டைல்டு’ என்ற இலவசக் கருவியில் உங்கள் ஓடுகளை ஏற்றி அடுக்கிப் பார்க்கலாம்.

யாருடைய ஓடு?

2015 செப்டம்பரில் நின்டெண்டோவே ‘சூப்பர் மாரியோ மேக்கர்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. மியாமோட்டோவும் தெசுகாவும் வரைபடத்தாளில் செய்ததை இனி எவரும் திரையில் விரலாலும் எழுதுகோலாலும் செய்யலாம். மக்கள் இலட்சக்கணக்கில் நிலைகளைக் கட்டி அனுப்பினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் இரு வடிவமைப்பாளர்களின் மேசையில் இருந்த வேலை வீடுதோறும் வந்துவிட்டது. மகிழத்தக்க செய்திதான்.

ஆனால் அதிலும் ஓடுகளை வரைய அனுமதி இல்லை. நிறுவனம் வரைந்த ஓடுகளைத்தான் அடுக்க வேண்டும். கட்டி அனுப்பிய நிலைகள் பிறருக்குக் கிடைத்ததும் நிறுவனத்தின் கணிப்பொறிகள் வழியாகத்தான். 2021 மார்ச் முடிவில் புதிய நிலைகளை ஏற்பது நின்றது. 2024 ஏப்ரலில் அந்த விளையாட்டின் இணையச் சேவையே மூடப்பட்டது. அதனுடன், உலகெங்கும் உள்ள மக்கள் கட்டியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் வழியும் அடைபட்டது.

வரலாறு நமக்குக் காட்டுவது இதுதான். ஓடு என்பது நினைவகப் பற்றாக்குறைக்குக் கண்ட மருந்து. இன்று அந்தப் பற்றாக்குறை நீங்கிவிட்டது. ஓடு மட்டும் நீங்கவில்லை. ஏனெனில் சிறு துண்டுகளைக் கொண்டு பெரியதொன்றைக் கட்டும் ஆற்றலை அது எளியவர் கைக்கும் கொடுத்தது. அடுக்கக் கற்பது முதற்படி; லோட் ரன்னர் ஆடிய சிறுவர்கள் அங்கேதான் தொடங்கினார்கள். பார்த்து வரைவது அடுத்த படி. அந்த இரவில் டாம் ஹால் செய்தது அதுவே. இரண்டிலும் இழிவு ஏதும் இல்லை. எனினும் செவ்வாய்க் கோளின் மண்ணைத் தாமே வரைந்த பிறகுதான் அந்த இளைஞர்களின் நுட்பம் அவர்களுடைய உழைப்பாக உலகின்முன் நின்றது.

மாணவ நண்பர்களே, உங்கள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எட்டுக்கு எட்டுக் கட்டம் ஒன்றை இன்றே எல்லை கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்த் தெருவின் ஓட்டுக்கூரையோ, கிணற்றுச் சுவரோ, பனைமரத்தின் அடிப்பகுதியோ அந்த 64 புள்ளிகளுள் எப்படி அடங்கும் என்று முயன்று பாருங்கள். பக்கத்துக் கட்டத்திலும் அதையே வரைந்து, இணைப்புத் தெரிகிறதா என்று சோதியுங்கள். தெரிந்தால் அழித்துவிட்டு மீண்டும் வரையுங்கள். மியாமோட்டோவின் மேசையிலும் திருத்தத்தாள் இருந்தது.